விரிசலுக்குள் குங்குமம்

என் பழைய போன் கம்பெனிப் பெயரைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும், மேலே போகாது. மகள் முதன்முதலாக நடந்த வீடியோ அதற்குள்தான் இருந்தது.

“கடையில குடுக்காதீங்கண்ணா, அந்தக் கடைக்கார பையா நல்ல பார்ட்டையெல்லாம் கழட்டிடுவான். நான் பார்க்கிறேன்” என்று வாங்கிப் போனான் மாடிவீட்டு ரகு. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், பிழைப்புக்கு வடக்கே வந்த எங்களுக்கு அவன் தம்பி மாதிரி.

ஒரு வாரம் கழித்து உதட்டைப் பிதுக்கினான். “போர்டே போயிடுச்சுண்ணா. வீடியோவும் வராது.”

“சரி, நீயே தூக்கிப் போட்டுடு” என்றேன்.

அடுத்த சஷ்டியன்று மலை மந்திர் கோயில் படிக்கட்டில் ரகு படமெடுத்துக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த போனின் முதுகில் ஒரு விரிசல், அதற்குள் சிவப்பாகக் கறை. ஆயுத பூஜைக்கு என் மனைவி வைத்த குங்குமம் அது. நான் எவ்வளவு துடைத்தும் போகாதது.

என்னைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது. உடனே சமாளித்துக்கொண்டு, “அண்ணா, அப்படியே நில்லுங்க, ஒரு போட்டோ!” என்றான்.

அத்தனை பேர் நடுவில் நின்று வெட்கமில்லாமல் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் மகள் நடந்த வீடியோவை அழித்துவிட்டுத்தான் அந்தப் போனுக்கு உயிர் கொடுத்திருப்பான். அந்த இடத்தில் இப்போது என் இளிப்பு இருக்கிறது.