தையல் மோட்டாரின் முனகல்

நேற்று சாயங்காலம், யாழினி, உன் பள்ளிக்கூட சர்க்யூட்டில் குமிழைத் திருகி அந்தக் குட்டி மோட்டாரை மெதுவாக்கினாயே, அப்போது அது மெல்ல முனகியது. உடனே எனக்கு எங்கள் பழைய சூளகிரி வீடும், என் அக்கா, அதாவது உன் சாந்தா அத்தையின் தையல் மெஷினும் ஞாபகம் வந்தன.

அக்காவுக்கு அப்போது ஓசூர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. அங்கே மெஷின் ஓடுகிற வேகத்தில் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அதன்பின் வேகமான மெஷினைத் தொடவே பயந்தாள். வீட்டிலேயே மெதுவாகத் தைக்கட்டும் என்று அப்பா எங்கள் மெஷின் மோட்டாருக்கு ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிக் கொடுத்தார். வேகம் குறைந்தது, கூடவே பலமும் போனது. துணி தடித்தால் மோட்டார் சுற்றாமல் முனகும். அக்கா உள்ளங்கையால் சக்கரத்தைத் தள்ளிவிடுவாள்.

“நானே தள்ளணும்னா கரண்டு எதுக்குப்பா?” என்று சிரிப்பாள்.

“பயப்படாம தைக்கிறியே கண்ணு, அது போதும்” என்பார் அப்பா.

ஒருநாள் சீருடைப் பாவாடையின் இடுப்புப்பட்டியில் மோட்டார் நின்றுவிட்டது. அக்கா தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குள் கருகல் நாற்றம் வீடெல்லாம் பரவியது. வேறு மோட்டார் வரவில்லை. திங்கட்கிழமை அவள் பழையபடி கார்மெண்ட்ஸ் பஸ்ஸில் ஏறினாள், ஊசி இறங்கிய விரலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு.

நேற்று நீ, “மெதுவா ஓடினாலும் பலம் குறையாதுப்பா. சர்க்யூட் முழுக் கரண்டையே விட்டு விட்டு அனுப்புது. பிடிச்சுப் பாரு” என்றாய். விரலால் அழுத்திப் பிடித்தேன். முனகியதே தவிர நிற்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த அத்தை, அந்த முனகலைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்து கத்தினாள்:

“தள்ளி விடுடா, கருகிடும்!”