ஒரே பிழை, இரண்டு கொப்பிகள்

பிலோமினா என்னைப் பார்த்துத்தான் எழுதினாள் என்பதில் எனக்கு அன்றைக்கு ஒரு துளி ஐயமும் இருக்கவில்லை. நான்தான் அவளைப் பார்த்து எழுதினேன் என்பதில் அவளுக்கும் இருக்கவில்லை. யார் யாரைப் பார்த்தது என்று தீர்மானிக்க முடியாமல், கணக்கு ரீச்சர் இருவரையும் சமமாகச் சந்தேகித்தார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தும் அரிசி கூப்பனுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கொழும்பில், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பதினான்கு வயது. கொள்ளுப்பிட்டியில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு பஸ்ஸில் போய்வந்தேன். பிலோமினா மற்றப் பக்கத்திலிருந்து, கொட்டாஞ்சேனையிலிருந்து வருவாள். எங்களை ஒரே வாங்கில் இருத்தியது ரீச்சர். நாங்களாக அப்படி இருந்திருக்க மாட்டோம். கணக்கில் ஒரு தவணை அவள் முதலாவதாக வந்தால் மறு தவணை நான் வருவேன். அவள் என் அழிறப்பரைக் கேட்டால்கூட, எதற்காகக் கேட்கிறாள் என்று யோசித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

இந்தக் குணம் எனக்கு வீட்டிலிருந்து வந்தது. பால்காரன் கண்முன்னே கறந்து கொடுத்தாலும் அம்மா செம்புக்குள் எட்டிப் பார்ப்பார். அப்பா தபாற்பெட்டியில் கடிதத்தைப் போட்ட பிறகும், அது உள்ளே விழுந்துவிட்டதா என்று பெட்டியை இரண்டு முறை தட்டுவார். அண்ணா ஒருவர்தான் யாரையும் சந்தேகிக்காதவர். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை. வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து சுருக்கெழுத்து வகுப்புக்குப் போய்விட்டு வருவார்.

அந்தத் தவணையில் ரீச்சர் நேர்கோட்டின் சமன்பாட்டைத் தொடங்கினார். இரண்டு புள்ளிகளைத் தருவார். முதலில் கோட்டின் சாய்வைக் காண வேண்டும். பிறகு ஏதாவது ஒரு புள்ளியைப் பிரதியிட்டு, கடைசியில் வரும் மாறா எண்ணைப் பிடிக்க வேண்டும். எனக்குச் சாய்வு வந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. சோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது அண்ணாவிடம் கொப்பியை நீட்டினேன்.

"இது சுத்துவழி. நான் ஒரு குறுக்குவழி சொல்லித் தாறன்" என்றார். முதற் புள்ளியின் முதல் எண்ணை மற்றப் புள்ளியின் இரண்டாம் எண்ணால் பெருக்கு. மிஞ்சிய இரண்டையும் பெருக்கு. முதலில் வந்ததிலிருந்து பிறகு வந்ததைக் கழித்து, இரண்டு புள்ளிகளின் முதல் எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தால் வகு. மாறா எண் தானாக வந்து விழும். பிரதியிடலே இல்லை. எனக்கு அது மந்திரம் போலிருந்தது. வகுப்பில் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

சோதனையில் வந்த இரண்டு புள்ளிகளும் இன்றைக்கும் நினைவில் நிற்கிற அளவுக்கு எளிமையானவை: (2, 5), (4, 13). சாய்வு நாலு. அண்ணாவின் வழியில் மாறா எண் மூன்று. y = 4x + 3 என்று எழுதி இரட்டைக் கோடு போட்டேன்.

மறுநாள் ரீச்சர் இரண்டு கொப்பிகளோடு வந்தார்.

"ரெண்டு பேரும் எழும்புங்கோ. x இருக்கிற இடத்தில ரெண்டைப் போட்டுப் பாருங்கோ. எவ்வளவு வருது?"

எட்டும் மூன்றும் பதினொன்று. ஐந்து வந்திருக்க வேண்டும். கூட்ட வேண்டிய இடமில்லை அது, கழிக்க வேண்டிய இடம்.

"பிழை ஆருக்கும் வரலாம். நான் படிப்பிக்காத ஒரு வழியில, ரெண்டு பேருக்கும் ஒரே பிழை எப்பிடி வரும்?"

"அவதான் என்ர கொப்பியைப் பார்த்தவ, ரீச்சர்" என்றேன்.

"நான் பார்க்கயில்ல. நீங்கதான் என்ட கொப்பியப் பார்த்தீங்க" என்றாள் பிலோமினா. அவள் முகம் சிவந்திருந்தது. குற்றம் செய்தவர்களுக்குத்தான் முகம் சிவக்கும் என்று எனக்குள் குறித்துக்கொண்டேன்.

ரீச்சர் என்னை யன்னல் பக்கமும் அவளைக் கதவடியிலும் நிறுத்தி, கரும்பலகையில் புதிதாக இரண்டு புள்ளிகளை எழுதினார்: (1, 4), (3, 10). வகுப்பு முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அண்ணாவின் வழியிலேயே செய்தேன். பயத்தில் வேறு வழி வரவில்லை. ரீச்சர் இரண்டு தாள்களையும் வாங்கிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் y = 3x − 1. கூட்டல் வர வேண்டிய இடத்தில் கழித்தல். மறுபடியும் ஒரே வழி, ஒரே பிழை.

அவர் கோபம் போய்விட்டது. மெதுவாகக் கேட்டார்.

"உமக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?"

"அண்ணா."

"உமக்கு?"

"எங்கட அக்கா, ரீச்சர்."

"அக்காவுக்கு?"

"அது தெரியாது. ஷோர்ட்ஹேண்ட் படிக்கிற இடத்தில ஆரோ சொல்லிக் குடுத்ததாம்."

ரீச்சர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் கொப்பி அடிக்கயில்ல. போய் இருங்கோ" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

குற்றமற்றவள் என்று வகுப்பின் முன்னால் நிரூபித்தாகிவிட்டது. வீட்டிலும் நிரூபிக்க வேண்டுமென்று எனக்கு ஒரே அவசரம். அன்றைக்குச் சுருக்கெழுத்து வகுப்பில்லாத நாள் என்பதால் அண்ணாவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு தாள்கள், ஒரே பிழை, அக்கா, சுருக்கெழுத்து வகுப்பு என்று ஒன்றையும் விடாமல் அடுக்கிச் சொன்னேன். பிழை அண்ணாவுடையது, நான் அப்பாவி என்பதே நான் சொல்லவந்த செய்தி.

அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் பிள்ளை எங்கயிருந்து வாறது?"

"கொட்டாஞ்சேனை. மாதா கோயிலுக்குப் பக்கமாம்."

அம்மா அண்ணாவைப் பார்த்தார், செம்புக்குள் பார்க்கிற பார்வை. அண்ணா கோப்பையைக் கீழே வைத்து, என் தாளை வாங்கி, "கழிக்கிறதை மாறிச் சொல்லிப்போட்டன்" என்று சொல்லி அடையாளத்தைத் திருத்தினார். அவர் காதுகள் சிவந்திருந்தன. கணக்குப் பிழைத்த வெட்கம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போகவில்லை. அப்பா யாழ்ப்பாணத்துக்குக் கடிதங்கள் எழுதினார். பதில்களில் சாதகக் குறிப்புகள் வந்தன. மாலையில் அண்ணா எந்நேரமும் வீட்டில் இருந்ததால் எனக்குத்தான் லாபம்: அடுத்த பாடங்களை எல்லாம் முன்கூட்டியே சொல்லித் தந்தார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். இடைவேளையில் நான் கணக்குச் செய்துகொண்டிருந்தபோது பிலோமினா வாங்கின் நுனியில் வந்து இருந்தாள். சோதனைக்குப் பிறகு அவளாக என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

"உங்கட அண்ணாவுக்குச் சுகமில்லையா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த குறுக்குவழிக்கு வேவு பார்க்க வந்திருக்கிறாள்.

"நல்ல சுகம். ஏன் கேக்கிறீர்?"

"சும்மா. அக்கா கேக்கச் சொன்னா."

"அவருக்கு நேரமில்லை. கலியாணம் பேசி முடிஞ்சுது. தை மாசம்" என்றேன், இனி யாருக்கும் அவர் கணக்குச் சொல்லித் தரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெளிவாகட்டும் என்று.

"சரி, சொல்லிவிடுறன்" என்று பிலோமினா எழுந்து போனாள். அவள் கதவைத் தாண்டும் வரைக்கும் நான் கொப்பியைக் கையால் மூடிக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.