ஜெசிந்தா அன்ரியின் காரும் நான் ஒளித்த கட்டையும்

டிலக்சன் தொலைபேசியில் சொன்னது இரண்டே சொல்: "அன்ரி போயிட்டா." நான் திருப்பிக் கேட்டேன்: "எங்க, வவுனியாவுக்குக் கார் ஹையரோ?"

மறுபக்கத்தில் அவன் அழுகிற சத்தம். "விடிய நெஞ்சு நோவெண்டு கொண்டு போனவையடா. ஆஸ்பத்திரி வாசலிலயே முடிஞ்சுதாம்." பகிடி விட்டே பழகிய வாய்க்கு, செய்தி எது பகிடி எது என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காக ஒரு மாதமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்ரி கேட்டிருந்தால் முதலில் சிரித்திருப்பார், பிறகுதான் காதைத் திருகியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னது அவருடைய மகள் அனுஷா அக்கா. "எல்லாரும் கண்ணீர்தான் எழுதித் தந்திருக்கினம். நீ உன்ர மாதிரி எழுது" என்றார். என் மாதிரி எழுதினால் பாதர் இதை அச்சுக்கு விடுவாரோ தெரியாது. எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அன்ரி வாடகைக்கு ஓட்டிய அந்த வெள்ளைக் காரில் ஏறியிருப்பீர்கள். எங்கள் ஊர் நாயாற்றில் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவரும் அதில்தான், கருவாட்டுப் பெட்டியோடு சந்தைக்குப் போகிறவரும் அதில்தான். சனிக்கிழமைகளில் டிலக்சன், சிந்து உட்பட நாங்கள் நாலு பேர் புதுக்குடியிருப்பு ரியூசனுக்கு அதில் போவோம். மழை பெய்தால் வெளியே பெய்வதில் பாதி உள்ளேயும் பெய்யும். அதனால் அதற்கு 'நோவா' என்று பெயர் வைத்தேன். பேழை என்பதற்காக மட்டுமல்ல. காலையில் சாவியைத் திருப்பினால் முதலில் 'நோ' என்னும், கெஞ்சினால் 'வா' என்னும். அன்ரி எனக்கு வைத்த பெயர் வில்லங்கம். "வில்லங்கம் ஏறீட்டுதோ? அப்ப கதவைச் சாத்துங்கோ."

ஒருமுறை காருக்குப் பின்னால் ஓட்டப் பழகுகிறவர்களின் சிவப்பு 'எல்' அட்டையை ஒட்டிவிட்டேன். இருபது வருடம் கார் ஓட்டிய மனிசி அது தெரியாமல் முல்லைத்தீவு வரை போய் வந்தார். பின்னேரம் என்னைக் கண்டதும் காரை நிறுத்தினார். ஓடுவதா நிற்பதா என்று நான் யோசிக்கையில், "இண்டைக்குத்தான்டா எல்லாரும் எனக்கு வழி விட்டவங்கள். நாளைக்கும் ஒட்டு" என்றார். அட்டை ஒரு கிழமை அப்படியே இருந்தது. இப்படிப்பட்ட ஆளிடம் பகிடி விடுவது பெரிய கஷ்டம்.

இனி கட்டைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

எங்கள் கரையில் கார் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் நிறுத்தும்போது ஹான்ட் பிரேக்கை இழுக்க மாட்டார்கள். உப்புக்காற்றில் அதன் கம்பி துருப்பிடித்து, விடியப் பார்த்தால் இழுத்தது இழுத்தபடியே இறுகிக் கிடக்கும். காரைக் கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை கொடுப்பதுதான் வழக்கம். அன்ரியின் வளவு களப்புப் பக்கம் சரிவு; கட்டை இல்லாவிட்டால் நோவா தண்ணீருக்கே போய்விடும். உடைந்த வள்ளத்துப் பலகையில் அறுத்த கட்டை அது, ஒரு பக்கம் பழைய நீலப் பூச்சு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதை நான் தூக்கிக்கொண்டுபோய் அப்பாவின் வலைக்குள் ஒளித்தேன். அன்ரி வளவெல்லாம் தேடுவதைப் பார்த்துச் சிரிப்பதுதான் திட்டம். அன்றைக்குப் பார்த்து அம்மா வந்து என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். கட்டையைக் காணாமல், அன்ரி வேறு வழியின்றி ஹான்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார்.

மறுநாள் வட்டுவாகல் பாலத்துக்கு வரும்போதே நோவா இழுபட்டது. மிதிக்க மிதிக்க வேகம் ஏறவில்லை. கார் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. எரிந்த நாற்றம் வந்தது. அந்தக் கார்தான் அன்ரி வீட்டுச் சோறு. அதை நான் தின்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பாலம் தாண்டியதும் அன்ரி காலை எடுத்துவிட்டுக் காரைத் தானாக ஓய விட்டார். "பிரேக்கை மிதிச்சா எல்லாச் சில்லும் சுடும். பிறகு ஆர் கள்ளனெண்டு தெரியாது" என்றபடி இறங்கினார். அவரிடம் ஒரு முறை இருந்தது, அடிக்கடி சொல்லுவார்: "முதல் மணந்து பார், பிறகு தொடு, கடைசியாத் திட்டு." மற்றவர்கள் திட்டில் தொடங்குவார்கள். அதுவும் என் பெயரில்.

"இவன்தான் ஏதும் செய்திருப்பான் அன்ரி" என்று சிந்து உடனே தொடங்கினாள். 

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஹான்ட் பிரேக் இறுகியிருக்கும் அன்ரி" என்றேன்.

அன்ரி திரும்பிப் பார்த்தார். "நான் ராத்திரி ஹான்ட் பிரேக் இழுத்தது உனக்கு எப்பிடித் தெரியும்?"

செத்தேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "வா இஞ்ச. புறங்கையைக் கிட்டக் கொண்டுபோ, தொடாத" என்றார். பின்சில்லு இரண்டும் இளஞ்சூடு. முன்னால் வலப்பக்கமும் அப்படித்தான். முன்னால் இடப்பக்கம் கையைக் கிட்டக் கொண்டுபோக முடியவில்லை. போத்தல் தண்ணீரில் ஒரு சொட்டுத் தெறித்தார். சுர்ரென்றது. பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல் என் காதுக்குள் சொன்னார்: "ஹான்ட் பிரேக் பிடிக்கிறது பின்சில்லை. உன்ர பாவம் பின்சில்லில. இது முன்சில்லு."

மூச்சு எனக்குத் திரும்பி வந்தது அப்போதுதான்.

சில்லு ஆறும்வரை காத்திருந்து, காரைத் தூக்க ஜக் அடிக்கப் போனார். கார் உருளாமல் பின்சில்லுக்குக் கட்டை வேண்டும். "கட்டை எங்க?" என்று டிலக்சன் கேட்டான். "லீவில போயிட்டுது" என்றார் அன்ரி, என்னைப் பார்க்காமல். நான் ஓடிப்போய் வீதியோரத்தில் ஒரு கருங்கல் பொறுக்கி வந்து கொடுத்தேன். தூக்கிய சில்லைக் கையால் சுற்றினார், அசைய மறுத்தது. பிரேக்கில் காற்று எடுக்கிற சின்ன ஆணியைக் கொஞ்சம் தளர்த்தினார். எண்ணெய் பீச்சியது, சில்லு லேசாகச் சுற்றியது. "குழாய் உள்ளுக்க வீங்கிப்போச்சு. எண்ணெயைப் போக விடுது, திரும்பி வர விடேல்லை. வெளியால பாத்தா நல்ல பிள்ளை" என்றார். குழாய் மாற்றும் வரை பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கராஜ்காரரை அங்கேயே வரச் சொன்னார். பஸ் வெளிக்கிடும்போது ஜன்னலடிக்கு வந்து, "இண்டைக்கு இவன் செய்யேல்லை, கேட்டியளோ?" என்று மற்ற மூவருக்கும் சொன்னார். என் பெயரைக் காப்பாற்ற ஒருவர் பஸ் ஜன்னலுக்குள் கத்தியது அதுதான் முதல் தடவை.

கட்டையை அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு அதற்குப் புதுப் பூச்சு அடித்து, பளபளக் கடதாசியில் சுற்றி, கேக் மாதிரிக் கையில் கொடுக்கலாம் என்று யோசித்து, டிலக்சனுக்கு மட்டும் சொன்னேன். பகிடிக்கு நேரம்தானே முக்கியம். அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ரியூசன் முடிந்து அன்ரி வளவில் இறங்கும்போது, "வில்லங்கம், கல்லை வையடா. கட்டை இன்னும் லீவு முடிஞ்சு வரேல்லை" என்பார். நானும் ஓமென்று, அன்ரி காரிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்த அந்தக் கருங்கல்லையே வைப்பேன். பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருக்கையில் அன்ரி போய்விட்டார்.

செத்தவீட்டன்று, கதிரை போட இடமில்லையென்று யாரோ நோவாவை வேலியோரம் தள்ளி, ஹான்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து விட்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்து கியரைப் போட்டேன். சட்டைக்குள் கொண்டுவந்த கட்டையைச் சில்லுக்குக் கொடுத்துவிட்டு ஹான்ட் பிரேக்கை விட்டேன். பூச்சு அடித்திருந்தேன்; கடதாசிதான் சுற்றவில்லை.

நிமிர்ந்தால் அனுஷா அக்கா நிற்கிறார். அழுது கண் வீங்கியிருந்தது. கட்டையைப் பார்த்தார்.

"பிறந்தநாளுக்கு வருமெண்டு அம்மா சொன்னவா. டிலக்சன் உளறிப்போட்டான். நீ தரேக்க எப்பிடித் திடுக்கிடுறதெண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டு நடிச்சுப் பாத்தவா தெரியுமோ? எங்களை நடுவராப் போட்டு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். செபமாலைக்கு நடுவில். உள்ளேயிருந்து ஒரு மாமி எட்டிப் பார்த்து முறைத்தார்.

அந்தத் திடுக்கிடலை நான் பார்க்கவில்லை. அனுஷா அக்கா ஒருமுறை செய்து காட்டினார்: கை இரண்டும் கன்னத்தில், வாய் ஆவென்று. அன்ரி அதைவிட மோசமாக நடித்திருப்பார், அது நிச்சயம்.

கட்டை இப்போது நோவாவின் சில்லுக்குக் கீழே, தன் இடத்தில் கிடக்கிறது. தேடாதீர்கள், அந்தக் கருங்கல் என்னிடம் இருக்கிறது. அக்காவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். வாழ்நாளில் நான் கேட்டு எடுத்த பொருள் அது ஒன்றுதான்.