போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது

எங்கள் வீட்டில் செருப்புப் போடுகிறவரிடம் "எங்கை போறாய்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் நடக்காது. இது என் மனைவி மன்னாரிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்குக் கொண்டுவந்த சட்டம். தெரிந்தே ஆகவேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அத்தோடு விசாரணை முடிந்தது. ஞாயிறு பூசை தவறாதவளுக்கு இந்தச் சகுனம் எதற்கென்று ஒருமுறை கேட்டேன். "சேசு எங்கை போறன் எண்டு சொல்லிப்போட்டே போனவர்?" என்றாள்.

இந்த வசந்தத்தில் எங்கள் பங்குக் கோயிலின் சாரணர் குழு மடோனியே மலைகளில் ஒரு வாரம் கூடாரத்தோடு நடக்கப் போவதாக அறிவித்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் என் மகள் அதற்காகக் குளிர்காலம் முழுவதும் காத்திருந்தவள். மனைவி மறுத்துவிட்டாள்.

"வழி தெரியாத காட்டுக்கை துலைஞ்சால் ஆர் தேடுறது?"

மகள் அழவில்லை. "ஞாயிறு என்னோடை மலைக்கோயிலுக்கு வாங்கோ அம்மா. நான்தான் வழி காட்டுவன். வழி பிழைச்சால் பிறகு கேக்கமாட்டன்."

திங்கட்கிழமை பெயர் கொடுக்கக் கடைசி நாள். மனைவி சம்மதித்தாள்.

ஊரை ஒட்டிய பெல்லெக்ரீனோ மலையில் ஒரு புனிதையின் குகைக் கோயில் இருக்கிறது. அதற்கு நாங்கள் எப்போதும் கல் பாவிய பழைய பாதையால்தான் ஏறுவோம். ஞாயிறுகளில் அதில் இத்தாலிய மொழியைவிடத் தமிழே அதிகம் கேட்கும். மகள் வேறு வழி எடுத்தாள்: மலையடிப் பூங்காவிலிருந்து காட்டுக்குள்ளால் ஏறுகிற ஒற்றையடிப் பாதை. அதன் பெயர் பன்றிப் பள்ளத்தாக்கு.

"புனிதையிட்டைப் போறதுக்குப் பன்றிப் பாதையோ?" என்றாள் மனைவி.

"பன்றியையும் ஆண்டவர்தானே படைச்சவர். நட அக்கா," என்றான் அவளுடைய தம்பி. துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவன். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன்.

பைகளை நான்தான் அடுக்கினேன். பாரமானவை அடியில், மதியத்துக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்த பாண் மேலே, பிளாஸ்டர் வெளிப்பையில். மகள் வந்து பார்த்து என் சிவப்புக் குடையை வெளியே எடுத்தாள். "அப்பா, மலைக்கு ஆரும் குடை கொண்டுபோறேல்லை." அவள் திரும்பியதும் மறுபடி உள்ளே வைத்தேன்.

ஏற்றம் கடுமை, நிழல் தாராளம். மகள் முன்னால் போய், மரங்களிலும் கற்களிலும் தீட்டியிருந்த அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தாய் பின்தங்கினால் நின்று, "பியானோ, பியானோ, அம்மா. மெல்ல வாங்கோ," என்றாள். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அடையாளம் எதுவும் இல்லை. எங்களை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, மேலே கொஞ்சத் தூரம் பார்க்கப் போனாள்.

நாங்கள் பாணைப் பிரித்தோம். மச்சான் தன் பங்கைத் தின்று முடித்து, கையைத் தட்டிக்கொண்டு எழுந்து மரங்களுக்குள் நடந்தான். நான் வாய் திறந்தேன். மனைவி என் முழங்காலில் தட்டினாள். மூடிக்கொண்டேன்.

மகள் மலர்ந்த முகத்தோடு இறங்கி வந்தாள். அடையாளம் கிடைத்துவிட்டது.

"மாமா எங்கை?"

"அங்காலை போனவன்."

"அங்காலை எண்டால் எங்கை?"

"அதை ஆர் கேட்டது?" என்றாள் மனைவி.

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் கண்டனீங்கள். கண்டும் கேக்கேல்லை?"

"தூரமோ எண்டும் கேக்கேல்லை," என்று நான் விவரத்தைச் சரியாகச் சொன்னேன். அது அவளுக்கு உதவவில்லை.

மச்சானின் தொலைபேசிக்கு எடுத்தோம். அது எங்கள் பைக்குள்ளேயே அடித்தது. மனைவியின் முகம் மாறிவிட்டது. "தம்பீ!" என்று கத்திக்கொண்டு மரங்களுக்குள் ஓடப் பார்த்தாள்.

"ஃபெர்மி! ஒருத்தரும் அசையக் கூடாது," என்றாள் மகள். "தேடப் போற ஆளையும் பிறகு தேடவேண்டி வரும்." கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினாள். நிறுத்தினாள், காது கொடுத்தாள், மறுபடி ஊதினாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அப்பா, அந்தக் குடையைத் தாங்கோ," என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாறையில் ஏறி அதை விரித்து உயரப் பிடித்தாள்.

கீழ்ப்பக்கமிருந்து மச்சான் வந்தான். சட்டையெல்லாம் முள்.

"கடல் தெரியுதோ எண்டு பாக்கப் போனன். திரும்பினால் எல்லாம் ஒரே மரம். விசில் கேட்டுது, திசை பிடிபடேல்லை. பிறகுதான் குடையைக் கண்டன். துறைமுகத்திலை பெட்டிக்குப் பெட்டி நம்பர் இருக்கு. இஞ்சை மரத்துக்கு ஒரு நம்பர் இல்லை."

மனைவி அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு முட்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். "சொல்லிப்போட்டுப் போறதுக்கென்னடா?"

"நீ கேட்டால்தானே அக்கா."

அதன்பின் கோயில்வரை மனைவி மகளுக்கு அடுத்ததாக, அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்து ஏறினாள். குகைக்குள் நெடுநேரம் முழந்தாளில் இருந்தாள்.

வெளியே வந்தபோது வெயில் நன்றாக இருந்தது. மகள் வெறும் போத்தலைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு பக்கமாக நடந்தாள்.

"பிள்ளை, எங்கை போறாய்?"

கேட்டது மனைவி. நானும் மச்சானும் அப்படியே நின்றோம்.

"தண்ணி வாங்க. அந்தக் கடைக்கு," என்றாள் மகள் மெதுவாக.

"வாங்கிக்கொண்டு நேர இஞ்சை வா." பிறகு, "மடோனியேயிலையும் இப்பிடிக் கேப்பினமோ?"

"ஒவ்வொரு முறையும் கேப்பினம், அம்மா. சொல்லாமல் ஒருத்தரும் அசைய ஏலாது."

மனைவி தம்பியின் கிழிந்த சட்டையைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்குப் பங்குச் சுவாமியிட்டைப் பெயரைக் குடு," என்றாள். "அப்பாவின்ரை குடையையும் கொண்டு போ."