தின்னரில் கழுவிய கை

ஒரகடத்தில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் தொழிற்சாலையில், காலையில் விரல் வைத்தால்தான் வருகை பதிவாகும். ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் விரலை மட்டும் இயந்திரம் ஏற்கவில்லை. ஒல்லியான பெண், காதில் பிளாஸ்டிக் தோடு. விரலை மேல்கோட்டில் துடைத்துத் துடைத்து வைத்தும் சிவப்பு விளக்கே எரிந்தது.

"கிரீஸ் ஒட்டிகினு கீது மேடம். இன்னொரு தபா பெயின்ட் தின்னர்ல தேய்ச்சிட்டு வரேன்."

கையை வாங்கிப் பார்த்தேன். அழுக்கே இல்லை. தோல் வெளுத்து வெடித்து, ரேகை மங்கியிருந்தது.

"தோல்ல செல்லெல்லாம் செங்கல் மாதிரி அக்கா. நடுவுல செராமைடுன்னு ஒரு கொழுப்பு, அதுதான் சிமென்ட் கலவை மாதிரி. தின்னர் அதையும் கரைச்சிடும். அப்புறம் உள்ள இருக்கற ஈரம் வெளிய போயிடும், தின்னர் உள்ள போயிடும்."

"சோப்புல கிரீஸ் போவாதே மேடம். கருப்புக் கையோட ஷேர் ஆட்டோல ஏறுனா, தள்ளி ஒக்காருன்றாங்க." சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இன்னிக்கு நான் வந்தேனா, வரலியா?"

"வந்தீங்கக்கா. நான் எழுதி வைக்கிறேன்."

அடுத்த இரண்டு நாளும் சிவப்பு விளக்கே எரிந்தது; மூன்று நாளும் பதிவேட்டில் நானே எழுதினேன். ஒப்பந்ததாரர் இயந்திரத்தின் பதிவை மட்டும் பார்த்து, வராதவர் என்று அவரை நீக்கிவிட்டார். கையுறை, கிரீஸ் நீக்கும் பசை, செராமைடு களிம்பு என்று நான் போட்ட பட்டியல் அப்போதும் மேலாளரின் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

இப்போதும் என் விரலுக்குப் பச்சை விளக்கு எரியும்போதெல்லாம், அவர் பக்கத்தில் நின்று, "இன்னிக்கு நான் வந்தேனா, வரலியா?" என்று கேட்பது போலிருக்கிறது.