அம்மா மேலே தள்ளிய பட்டன்கள்

“ஸ்பீக்கர் கரகரங்குது, கொறைங்கப்பா” என்றாள் மகள். எனக்கு எந்தக் கரகரப்பும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் கணபதி பகுதியில் இருந்த எங்கள் வீட்டு ஸ்டீரியோவும் இப்படித்தான் கரகரத்தது. அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். மில்லில் காதடைக்கும் இரைச்சலுள்ள ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்த அப்பா ஞாயிறானால் வயரை மாற்றுவார், ஸ்பீக்கரைக் கழற்றுவார், கரண்டைத் திட்டுவார். ஒரு பாட்டையும் முழுதாக ஓடவிட்டதில்லை. ஆனால் ஈக்வலைசரில் கீச்சொலியைக் கூட்டும் வலது ஓரத்துப் பட்டன்களை மட்டும் உச்சியிலிருந்து இறக்கவே மாட்டார். “அத எறக்குனா பாட்டே மந்தமாயிருது.”

ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது அம்மா எல்லாப் பட்டன்களையும் நடுவுக்கு இழுத்துவிட்டாள். கரகரப்பு நின்றது. பாட்டில் சலங்கை மணிமணியாகக் கேட்டது.

ஈரத்தலையோடு வந்த அப்பா நின்று கேட்டார். “ஏன் அம்மணி, இதுல சலங்கைச் சத்தம் வருமே, எங்க போச்சு?”

அம்மா பட்டன்களை மறுபடி மேலே தள்ளினாள்.

நானும் இப்போது ஸ்பின்னிங்கில்தான் இருக்கிறேன். ஓடிக்கொண்டிருப்பதும் அதே பாட்டுதான். எழுந்தேன், உட்கார்ந்தேன். பிறகு மகள் சொன்னபடி கீச்சொலியைக் குறைத்துவிட்டுக் கேட்டேன்.

“கண்ணு, சலங்கைச் சத்தம் கேக்குதா?”

“நல்லாக் கேக்குதுங்கப்பா. ஏனுங்க?”