காலேஜுக்குக் கொடுத்த மேய்க்கால்

எங்கள் பக்கத்தில் பொம்பளை வார்டு மெம்பர் ஆனால் கூட்டத்துக்குப் போய் உட்காருவது அவள் புருஷன்தான். நான் அப்படி விட்டதில்லை. மாம்பழ சீசனில் கூழ் பாக்டரியில் வேலை, மற்ற நாளில் களை வெட்டு, ஆனாலும் கூட்டம் என்று சொன்னால் கையைக் கழுவிக்கொண்டு நானே போவேன். என் கையெழுத்தை நானே போடுவேன் என்று அவ்வளவு திமிர். இன்றைக்கு அந்தக் கையெழுத்துக்கு யாரைப் போய்த் திட்டுவது? புருஷன் தலையில் போடவும் வழியில்லாமல் போயிற்று.

ஆந்திராவில் குடிபாலாவைத் தாண்டி, வேலூர் எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊருக்கு மேற்கே ரோட்டோரம், மாடு மேய்க்க விட்ட பஞ்சாயத்து மேய்க்கால் நிலம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரே வீட்டுக்குள் மூன்று அடுப்பு எரியும். அந்த மேய்க்காலை வீட்டுமனையாகப் பிரித்துக் கொடுங்கள் என்று வருஷக்கணக்கில் மனு எழுதினோம். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்திலேயே கவர்மெண்ட் டிகிரி காலேஜ், ஓட்டைக் கூரை போட்ட இரண்டு ஷெட்டில் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சித்தூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். காலேஜைப் பெரிதாக்க ஜில்லா பரிஷத் பணம் ஒதுக்கியிருக்கிறது, இடம் மட்டும் பஞ்சாயத்து கொடுத்தால் போதும் என்றார். புதுக் கட்டடம், வெளியூர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஹாஸ்டல், படிக்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு, ஃபீஸும் கட்டத் தேவையில்லை. "மன பிள்ளலகே கதம்மா" என்றார் என்னைப் பார்த்து. நம்ம பிள்ளைகளுக்குத்தானே அம்மா என்று அர்த்தம்.

என் மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று எந்நேரமும் அதே பேச்சு. எங்கள் வாசலிலிருந்து கூப்பிட்டால் காலேஜில் கேட்கும். மெம்பர்களில் பாதிப் பேர் மனைதான் வேண்டும் என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். என்னால்தான் தீர்மானம் நிறைவேறியது.

தெருவில் கால் வைக்க முடியவில்லை. என் ஓரகத்தி குழாயடியில் எல்லோர் எதிரிலும் பிடித்துக்கொண்டாள்.

"ஊரார் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு எடுத்துக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே, எங்க கொயந்த குட்டிங்கள எங்க கொண்டும்போயி படுக்க வெக்கிறது?"

"எல்லா வூட்டுப் பொண்ணும் நாளைக்கு அங்கதான்டி படிக்கும்" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்! நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஊரில் ஐந்தாவது வரைக்கும்தான் தமிழ். அதற்கு மேல் ஆந்திராவில் படிக்க வேண்டுமென்றால் தெலுங்கு மீடியம். அதனால் எங்கள் தெருப் பிள்ளைகளை ஆறாவதுக்கு பஸ் ஏற்றி எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டு ஸ்கூலுக்கு அனுப்புவது வழக்கம். என் மகள் மட்டும், கூட்டாளிப் பெண்ணோடு தெலுங்கு ஸ்கூலுக்கே போகிறேன் என்று அழுதாள். நான்தான் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றினேன். தமிழ்ப் பிள்ளை தமிழில் படிக்காமல் வேறு எதில் படிக்கும் என்று எனக்கு ஒரு வீம்பு.

கட்டடம் எழும்பியது. ரிசல்ட்டும் வந்தது, நல்ல மார்க். தலைக்குக் குளித்து, புதுச் சுடிதார் போட்டு, என்னோடு நடந்தே காலேஜுக்கு வந்தாள். சேர்க்கை பார்க்கிற குமாஸ்தா சர்டிபிகேட்டுகளைப் புரட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆறுலர்ந்து பன்னெண்டு வரிக்கும் தமிழ்நாடு. மீரு நான்-லோகல் அம்மா, வெளி ஆளு."

"இன்னா சார் சொல்ற? தோ பாரு, ஜன்னல்ல தெரியுதே, அதான் என் வூடு. கூர மேல காக்கா குந்தினா இங்கர்ந்து தெரியும். நான் எப்பிடி சார் வெளியூரு?"

"வூட்ட பாத்து இல்லம்மா. பொண்ணு எங்க படிச்சிதோ அத பாத்துதான். லோகல் இல்லன்னா ஃபீஸ் சலுகை கெடையாது. வெளிமாநிலத்து சீட்டு கொஞ்சம்தான், அதுவும் ரொம்பிப் போச்சு."

"இது நாங்க குடுத்த நெலம் சார்!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜில்லாவின் அந்தக் கோடியில் சாந்திபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் பெட்டியோடு நின்றிருந்தாள், ஹாஸ்டலில் சேர. அந்தப் பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்? ஆனாலும் வந்தது. என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

வேலூருக்கும் போய்ப் பார்த்தோம். அங்கே ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு, ஆந்திராக்காரர்களுக்கு உதவித்தொகை இல்லை, ஃபீஸ் கட்டினால் சேர்க்கலாம் என்றார்கள். கட்ட முடிந்தால் நான் ஏன் மேய்க்காலை எழுதிக் கொடுக்கிறேன்? எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசில் மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. பதில் இல்லை. அதற்குள் வகுப்பு ஆரம்பித்து, மணியடிக்கிற சத்தம் வீட்டுக்குள் வந்து விழும். அந்த நேரத்தில் என் மகள் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு மாதம் கழித்து பிரின்சிபால் அம்மாவே கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷிதான், பொய் சொல்லக் கூடாது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஹாஸ்டல் சமையலுக்குக் கூடமாட ஒரு ஆள் வேண்டும், காய் நறுக்க, தட்டுக் கழுவ; உன் பெண்ணுக்கு அந்த வேலையைத் தருகிறேன் என்றார். "இதற்குப் படிப்பு சர்டிபிகேட் எதுவும் வேண்டாம் அம்மா. உள்ளூர் ஆள் என்று ஆதார் கார்டு இருந்தால் போதும்."

வீட்டுக்கு வந்தேன். மகளிடம் சொல்லித் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அவள் கேட்டுவிட்டு, "நான் போறேம்மா" என்றாள்.

பளாரென்று அறைந்துவிட்டேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அடிக்க வேண்டியது இவளை இல்லை என்று கை படும்போதே தெரிந்தது. அவள் அழவில்லை. கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"என்ன எதுக்கு அடிக்கிற? அந்தத் தமிழ் ஸ்கூலுக்குப் போறேன்னு நானா கேட்டேன்?" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனாள்.